எண்பத்தாறும் தொண்ணூற்றெட்டும்

ஆஸ்பத்திரியின் ஆராய்ச்சிப் பிரிவில் அவளை எல்லோரும் ஐஸக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். கையில் ஐஸ் பெட்டி இல்லாமல் அவளை யாரும் பார்த்ததில்லை. பயாப்ஸி அறையிலிருந்து வருகிற சதைத் துணுக்குகளை வாங்கி, ஐஸில் புதைத்து, மூன்று மாடி இறங்கி லேபுக்குக் கொண்டுவருவதிலிருந்து, அவற்றை அரைத்து, வடித்து, மெஷினில் ஏற்றிக் கணக்கெடுப்பது வரை எல்லாம் அவள் பொறுப்பு. பத்தொன்பது வருஷ சர்வீஸ். புதிதாகச் சேர்கிற டாக்டர்கள்கூட ஒரு சந்தேகம் என்றால் புத்தகத்தைப் புரட்டுவதற்கு முன்னால் அவளிடம்தான் வருவார்கள். ஐஸக்கா கை பட்டால் தப்பாது என்று ஒரு பேச்சே இருந்தது. அதில் அவளுக்கு உள்ளூரப் பெருமைதான். வெளியே காட்டிக்கொள்ள மாட்டாள்.

அந்த வருஷம் பெரிய டாக்டர் கையில் எடுத்தது கணையப் புற்றுநோயை. பெரிய டாக்டர் என்றால் அந்தப் பிரிவின் தலைவி, ஓய்வுபெற இரண்டு வருஷம் பாக்கி இருந்த ஒரு அம்மாள். கணையத்தில் வருகிற கட்டி பல பேருக்குக் கல் மாதிரி இறுகிப்போய் இருக்கும். காரணம் கொலாஜன். தோல், எலும்பு, தசை எல்லாவற்றையும் சேர்த்துக் கட்டி வைத்திருக்கும் நார் அது. எல்லார் உடம்பிலும் உள்ளதுதான். அதை எப்படிச் செய்வது என்கிற குறிப்பு மரபணுவில் இருக்கிறது. தேவைப்படும்போது செல்கள் அந்தக் குறிப்பை நகலெடுத்து நார் செய்துகொள்ளும், தேவை தீர்ந்தால் நிறுத்திக்கொள்ளும். கட்டியைச் சுற்றியிருக்கிற செல்கள் மட்டும் புத்தி பேதலித்ததுபோல நகலெடுத்துக்கொண்டே இருக்கும். நார் மண்டிச் சுவராகிவிடும். மருந்து உள்ளே போக வழியில்லாமல் வெளியிலேயே நின்றுவிடும்.

பெரிய டாக்டரின் யோசனை இதுதான். ஒவ்வொருவர் கட்டியிலும் கொலாஜன் நகல்கள் எத்தனை என்று எண்ணிப் பார்ப்பது. குறைவாக இருந்தால் வழக்கமான மருந்து மட்டும். அதிகமாக இருந்தால் அதோடு சேர்த்து, நாரைக் கரைக்கிற புது ஊசி ஒன்று, வாரம் ஒருமுறை. எண்ணிச் சொல்வது ஐஸக்காவின் வேலை. அவள் எழுதிக் கொடுக்கிற எண்ணை வைத்துத்தான் யார் எந்தப் பக்கம் என்று முடிவாகும்.

துணுக்குகளுக்கு லேபில் பெயர் கிடையாது, எண்தான். அந்த மாதம் லேபிள் அடிக்கிற மெஷின் பத்து நாள் மக்கர் பண்ணியதால், ட்யூப் மூடிகளின் மேல் மார்க்கரால் கையாலேயே எண் எழுதினாள். எண்பத்து நான்கு முதல் தொண்ணூற்று ஒன்பது வரை, பதினாறு ட்யூப். ஒரு சனிக்கிழமை மத்தியானம் ஃப்ரீசர் அலறியது. உள்ளே குளிர் குறைந்துகொண்டிருந்தது. துணுக்கு இளகினால் நகல்கள் எல்லாம் அழிந்துபோகும், பதினாறு பேருக்கும் மறுபடி வயிற்றில் ஊசி குத்தி எடுக்க வேண்டும். கையும் ஓடாமல் காலும் ஓடாமல் இருந்த உதவியாளரைத் தள்ளிவிட்டு, அவளே ட்யூப்களை அள்ளி ஐஸில் கொட்டிக்கொண்டு அடுத்த கட்டிடத்து ஃப்ரீசருக்கு ஓடினாள். அங்கே பனியைத் துடைத்து, எண் பார்த்து, வரிசையாக அடுக்கினாள். பதினாறும் இருந்தன. அப்பாடா என்று மூச்சுவிட்டாள்.

எண்பத்தாறை இலக்கத்தில் எழுதித் தலைகீழாகப் பிடித்தால் தொண்ணூற்றெட்டு. தொண்ணூற்றெட்டைத் தலைகீழாகப் பிடித்தால் எண்பத்தாறு. அதற்காகத்தான் எண்ணுக்குக் கீழே ஒரு கோடு இழுப்பது லேபில் வழக்கம். அவளும் இழுத்துத்தான் இருந்தாள். பனியைத் துடைத்த துடைப்பில் கோடு அழிந்துபோனதை அவள் கவனிக்கவில்லை.

ஆராய்ச்சியில் சேர்ந்தவர்கள் பதினைந்து நாளுக்கு ஒருமுறை லேப் ஜன்னலில் வந்து ரத்தம் கொடுக்க வேண்டும். ஆகவே எண்களுக்குப் பின்னால் இருக்கிற முகங்களும் அவளுக்குப் பழக்கம்தான். எண்பத்தாறு ஒரு கணக்கு டீச்சர், ஐம்பத்தொரு வயது. வரிசையில் நிற்கிற நேரத்தில்கூடத் திருத்தவேண்டிய பேப்பர் கட்டை மடியில் வைத்துக்கொண்டு சிவப்புப் பேனாவால் சுழித்துக்கொண்டிருப்பாள். தொண்ணூற்றெட்டு ஒரு தையல்காரர். மனைவியோடு வருவார். வந்தவுடன் ஐஸக்காவின் வெள்ளைக் கோட்டை ஒரு பார்வை பார்த்து, "தோள்பட்டை ஒண்ணு கிழக்க போகுது, ஒண்ணு மேற்க போகுது. தைச்சவன் சண்டை போட்டுக்கிட்டே தைச்சிருப்பான் போல" என்பார். ஜன்னலுக்கு இந்தப் பக்கம் எல்லோரும் சிரிப்பார்கள்.

அவர் புது ஊசிப் பக்கம். ஊசி ஆரம்பித்த மூன்றாவது வாரத்திலிருந்து அவருடைய வாய் குறைந்தது. காலில் சதை பிடித்து இழுக்கிறது என்றார். அந்த ஊசிக்கு அப்படி வரும் என்று டாக்டர்கள் முன்னமே சொல்லியிருந்தார்கள். பிறகு மனைவியின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தார். பிறகு சக்கர நாற்காலியில் வந்தார். ஐந்தாவது மாதம் போய்ச் சேர்ந்துவிட்டார். ரத்தம் எடுக்கிற பட்டியலில் அவர் பெயரை அடித்தபோது ஐஸக்காவுக்கு மனசு கொஞ்சம் கனத்தது. அவ்வளவுதான். அந்த வியாதியில் அது நடப்பதுதான்.

எட்டாவது மாதம் ஆராய்ச்சியையே நிறுத்தினார்கள். ஊசி போட்டுக்கொண்டவர்கள் போடாதவர்களைவிடச் சீக்கிரமாகச் செத்துக்கொண்டிருந்தார்கள். மருந்தை மறித்த அதே சுவர் கட்டியையும் ஓடவிடாமல் அடைத்து வைத்திருந்தது போலிருக்கிறது, நாரைக் கரைத்ததும் அது உடம்பெங்கும் பரவிவிட்டது என்று பெரிய டாக்டர் கூட்டத்தில் சொன்னார். சொல்லும்போது அவர் யார் முகத்தையும் பார்க்கவில்லை. எங்கே தப்பு என்று தெரிய, எல்லார் துணுக்கையும் மறுபடி பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. ஒவ்வொரு பயாப்ஸியிலும் ஒரு துண்டு மெழுகில் பதித்து வேறு பிரிவில் பத்திரமாக இருந்தது. அதைச் சீவி, சாயம் ஏற்றி, ஸ்லைடாக்கினால் கொலாஜன் நார் நீலமாகத் தெரியும். நீலம் அதிகமென்றால் நகலும் அதிகமாக இருந்திருக்க வேண்டும்.

எண்பத்தைந்து வரை எல்லாம் ஒழுங்காகப் பொருந்தியது. எண்பத்தாறை மைக்ரோஸ்கோப்பில் வைத்தாள். கண்ணை நிறைக்கிற நீலம். பட்டை பட்டையாக, இடைவெளி இல்லாமல். தன் பழைய கணக்கைப் பார்த்தாள். நகல் மிகக் குறைவு என்று அவள் கையெழுத்திலேயே இருந்தது.

வரிசையை விட்டுவிட்டு நேரே தொண்ணூற்றெட்டை எடுத்து வைத்தாள். வெளிறிப்போன துண்டு. அங்கொன்றும் இங்கொன்றுமாக நீலக் கீற்று. கணக்கில் நகல் ஏராளம் என்று இருந்தது. ஸ்லைடின் மேல் அச்சடித்த எண்ணைத் தலைகீழாகத் திருப்பிப் பார்த்தாள். திருப்பி நேராகப் பார்த்தாள். சந்தேகத்துக்கு இடம் வைக்காமல் இரண்டு மெழுகுத் துண்டுகளிலிருந்தும் சுரண்டி எடுத்து, புதிதாக எண்ணினாள். மெழுகுத் துண்டில் துல்லியம் வராது, எது கூடுதல் எது குறைவு என்று தெரிய அது போதும். இரண்டு நாள் வேலை அது. விடை வந்தது. டீச்சருக்குப் போயிருக்க வேண்டிய ஊசி தையல்காரருக்குப் போயிருந்தது.

அவள் புருஷன் பஸ் டிரைவர். விடிந்ததும் வண்டி எடுக்க வேண்டும். அவன் வாசலில் உட்கார்ந்து ஷூவுக்குப் பாலிஷ் போட்டுக்கொண்டிருந்தபோது பக்கத்தில் போய் உட்கார்ந்து, ஆதியோடந்தமாகச் சொன்னாள். அவன் பிரஷ்ஷை நிறுத்தாமல் கேட்டான். ஆராய்ச்சியே நின்றுபோச்சு, அவரும் போய்விட்டார், உனக்கும் எனக்கும் தவிர இது யாருக்குத் தெரியப்போகிறது என்றான் முதலில். அவள் அங்கேயே உட்கார்ந்திருந்தாள். இன்னொரு ஷூவை எடுத்து அதையும் முடித்தான்.

"சொல்லாம இருந்தா உனக்குச் சோறு இறங்காது. சொன்னா வேலை இருக்காது. எதுன்னு நீயே பாத்துக்க. நான் ஓட்டற பஸ் ஓடிக்கிட்டுதான் இருக்கும்" என்று சொல்லிவிட்டுக் கிளம்பிப் போனான்.

பெரிய டாக்டர் அவளைக் கடிந்துகொள்ளவில்லை. கதவைச் சாத்திக்கொண்டு ஒரு மணி நேரம் அந்த இரண்டு ஸ்லைடுகளையும் தானே பார்த்தார். பிறகு கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்துவிட்டு, இதை மறைக்க முடியாது, மறைக்கவும் கூடாது, ஆனால் எப்படிச் சொல்வது என்பதை ஆஸ்பத்திரியின் நெறிமுறைக் குழுதான் முடிவு செய்யும், அதுவரை நீ வாயைத் திறக்கக்கூடாது என்றார். எழுத்து மூலமாகவும் அந்த உத்தரவு வந்தது.

குழு ஏழு வாரம் கூடிக் கூடிப் பேசியது. டீச்சர் உயிரோடு இருப்பவள், ஆகவே பெரிய டாக்டரே நேரில் சொல்வது என்றும், தையல்காரர் வீட்டுக்குக் கடிதம் அனுப்புவது என்றும் முடிவானது. கடிதத்தின் நகல் ஐஸக்கா கைக்கும் வந்தது. "மாதிரி அடையாளப்படுத்தலில் ஏற்பட்ட முரண்பாட்டின் காரணமாகப் பங்கேற்பாளரின் பிரிவு ஒதுக்கீட்டில் மாற்றம் நிகழ்ந்திருக்கக்கூடும் என்பதை வருத்தத்துடன் தெரிவித்துக்கொள்கிறோம்." நாலு தடவை படித்தாள். நடந்தது தெரிந்த அவளுக்கே அதில் நடந்தது தெரியவில்லை.

ஐந்தாம் நாள் தையல்காரரின் மனைவி அந்தக் கடிதத்தோடு லேப் ஜன்னலில் வந்து நின்றாள். ஆபீசில் கேட்டதற்கு, போன் பண்ணிச் சொல்கிறோம் என்று அனுப்பிவிட்டார்களாம். மடித்து மடித்து நைந்த காகிதத்தை ஜன்னல் வழியாக உள்ளே நீட்டினாள்.

"இதுல என்னமோ வருத்தம்னு போட்டிருக்கு. எதுக்கு வருத்தம்னு புரியல. நீங்க படிச்சவங்க, அவரையும் தெரியும். கொஞ்சம் பாத்துச் சொல்லுங்க."

ஐஸக்கா காகிதத்தை வாங்கினாள். பின்னால் இரண்டு பேர் வேலை செய்துகொண்டிருந்தார்கள். அவர்களை ஒரு தடவை திரும்பிப் பார்த்தாள்.

"எனக்கு இதப் பத்தித் தெரியாதும்மா. ஆபீஸ்லயே கேளுங்க."

அந்த அம்மாள் சரி என்று தலையாட்டிவிட்டு, காகிதத்தைப் பழைய மடிப்பிலேயே மடித்துக்கொண்டு போனாள். அன்றைக்கு மதியம் ஐஸக்கா சாப்பாட்டு டப்பாவைத் திறக்கவே இல்லை.

ஞாயிற்றுக்கிழமை காலையில் விலாசம் தேடிப் போனாள். கடை ஒரு மாடிப்படிக்குக் கீழே இருந்தது. ஒரு மெஷின், ஒரு மேஜை, சுவரில் ஆணி ஆணியாகத் தொங்குகிற அரைகுறைச் சட்டைகள். புருஷன் வெட்டித் தைக்க, பொத்தானும் ஓரமும் மட்டும் பார்த்துக்கொண்டிருந்தவள், இப்போது தானே வெட்டித் தைத்துக்கொண்டிருந்தாள். ஐஸக்காவைப் பார்த்ததும் எழுந்து, துணியை ஒதுக்கி ஸ்டூல் போட்டாள். ஐஸக்கா உட்காரவில்லை. நின்றபடியே சொன்னாள். ஃப்ரீசர் கெட்டது, ட்யூப்களை அள்ளிக்கொண்டு ஓடியது, கோடு அழிந்தது எல்லாம். மேஜைமேல் கிடந்த சாக்பீஸால் எண்பத்தாறு என்று எழுதி, அந்த அம்மாளை எதிர்ப்பக்கம் வந்து நின்று படிக்கச் சொன்னாள்.

அவள் படித்தாள். இந்தப் பக்கம் வந்து மறுபடி படித்தாள். எல்லாவற்றையும் முதலிலிருந்து இன்னொரு தடவை சொல்லச் சொன்னாள். ஐஸக்கா சொன்னாள்.

"அப்போ அந்த ஊசி அவருக்குப் போட வேண்டியதே இல்லையா?"

"இல்லைங்க."

"அந்தக் கால் வலி?"

"அந்த ஊசியாலதான்."

"போடாம இருந்தா இருந்திருப்பாரா?"

"தெரியலைங்க. வியாதி பெரிய வியாதி. ஆனா ஊசி போட்டவங்க நிறைய பேரு சீக்கிரமாப் போயிட்டாங்க. அதனாலதான் நிறுத்துனாங்க."

"அன்னைக்கு ஜன்னல்ல கேட்டேன். தெரியாதுன்னீங்க."

"பொய் சொன்னேன்."

கடைக்கு யாரோ வந்து எட்டிப்பார்த்துவிட்டு, இரண்டு பேரும் நிற்கிற நிலையைக் கண்டு பேசாமல் போய்விட்டார்கள். தையல்காரரின் மனைவி மெஷினில் மாட்டியிருந்த துணியை உருவி எடுத்து, அதிலேயே முகத்தைத் துடைத்துக்கொண்டாள். பிறகு யாரிடமோ பேசுவதுபோல மெதுவாகப் பேசினாள்.

"அஞ்சு ஊசியோட போதும்னு சொன்னாரு. ஆறாவதுக்கு வரமாட்டேன்னு இந்தக் கதவப் பிடிச்சுக்கிட்டு நின்னாரு. நான்தான் ஒவ்வொரு விரலா எடுத்து விட்டேன். சின்னப்புள்ள மாதிரி அடம் பிடிக்காதீங்கன்னு திட்டிக் கூட்டிட்டு வந்தேன். பதினாலு ஊசி வரைக்கும் கூட்டிட்டு வந்தேன்."

தன் தவறு எவ்வளவு தூரம் போயிருக்கும் என்று இரண்டு மாதமாக நினைத்து நினைத்துப் பார்த்த ஐஸக்கா, இது இந்த வீட்டுக்குள் இப்படி வந்து உட்கார்ந்திருக்கும் என்று நினைக்கவே இல்லை. உங்கள் மேல் தப்பில்லை என்று சொல்ல வாயெடுத்தாள். தான் எந்த வாயால் அதைச் சொல்வது என்று அடங்கிப்போனாள்.

"எழுதிக் குடுங்க" என்றாள் அந்த அம்மாள். "இப்ப சொன்னீங்கள்ல, அதே மாதிரி. எனக்குப் புரியற மாதிரி."

அளவு வெட்டுகிற பழுப்புக் காகிதத்தில் ஒரு பெரிய துண்டு கிழித்துக் கொடுத்தாள். ஐஸக்கா ஸ்டூலில் உட்கார்ந்து எழுதினாள். அரை மணி ஆயிற்று. கீழே கையெழுத்துப் போட்டு, தேதி போட்டு, தன் வேலையையும் விலாசத்தையும் எழுதினாள். எழுதும்போதே தெரியும், இந்தக் காகிதம் எங்கே போய்ச் சேரும் என்று.

அது விசாரணைக்கு வந்து சேர்ந்தது. உத்தரவை மீறி வெளியே பேசியதற்காக ஐஸக்கா மேல் ஒரு விசாரணை, ட்யூப் மாறியதற்காக இன்னொன்று. இரண்டையும் ஒரே நாளில் வைத்தார்கள். தையல்காரரின் மனைவி பழுப்புக் காகிதத்தைச் சுருட்டி எடுத்துக்கொண்டு வந்திருந்தாள். குழுவில் இருந்த ஒருவர், இந்த ஊழியர் உங்களை வற்புறுத்தி ஏதாவது சொல்ல வைத்தாரா என்று கேட்டார். இல்லை என்றாள். நீங்கள் அனுப்பிய கடிதம் ஒன்றும் புரியவில்லை, இது புரிந்தது என்றாள். அவளுக்காக நீங்கள் பரிந்து பேச வந்திருக்கிறீர்களா என்று கேட்டதற்கு மட்டும் அவள் குரல் மாறியது.

"உண்மையச் சொன்னது இவங்க ஒருத்தங்கதான். அத எழுதிக்குங்க. ஆனா மன்னிச்சுட்டேன்னு எழுதிடாதீங்க. நான் அப்படிச் சொல்லல."

ஆராய்ச்சிப் பிரிவிலிருந்து ஐஸக்காவை எடுத்து, வெளிநோயாளிகளுக்கு ரத்தம் எடுக்கிற இடத்தில் போட்டார்கள். வேலை போகாமல் பார்த்துக்கொண்டது பெரிய டாக்டர்தான் என்று பிறகு தெரிந்தது. அவர் ஓய்வுக்குக் காத்திராமல் அடுத்த மாதமே ராஜினாமா செய்துவிட்டார். ஆராய்ச்சி முடிவைக் கட்டுரையாக வெளியிட்டபோது, இரண்டு மாதிரிகள் கணக்கில் சேர்க்கப்படவில்லை என்று அடிக்குறிப்பில் ஒரு வரி வந்தது.

டீச்சர் ரத்தம் கொடுக்க இப்போது புது இடத்துக்கு வந்தாள். மற்ற ஜன்னல்களில் இளைஞர்கள் இருந்தாலும், ஐஸக்கா முன்னால்தான் வந்து கையை நீட்டுவாள். பெரிய டாக்டர் அவளிடம் எல்லாவற்றையும் சொல்லியிருந்தார். மூன்றாவது தடவை, ஊசி நரம்பில் இருக்கும்போதே பேசினாள்.

"எனக்கு வரவேண்டியத அவர் வாங்கிக்கிட்டாரு. அந்த வீட்டம்மாவ ஒரு தடவை பாக்கணும். கேட்டுச் சொல்றீங்களா?"

ஐஸக்கா போய்க் கேட்டாள். தையல்காரரின் மனைவி கையிலிருந்த துணியை மடித்து வைத்தாள். அவங்க நல்லா இருக்கட்டும், ஆனால் பார்க்க வேண்டாம், பார்த்தால் அவங்க நல்லா இருக்கட்டும் என்று என்னால் நினைக்க முடியாமல் போகலாம் என்றாள். ஐஸக்கா இதில் பாதியை மட்டும் டீச்சரிடம் சொன்னாள். டீச்சர் மீதிப் பாதியைத் தானே புரிந்துகொண்டாள் போல. மறுபடி கேட்கவில்லை.

கல் மாதிரி சுவருக்குள் அடைபட்டிருந்தாலும் வியாதி வியாதிதான். பதினைந்தாம் மாதம் டீச்சருக்கு மஞ்சள் காமாலை கண்டது. பேப்பர் கட்டை யாரிடமோ ஒப்படைத்துவிட்டு வந்து வார்டில் படுத்தாள். நரம்பு கிடைக்காமல் மற்றவர்கள் திணறியபோது ஐஸக்காவைக் கூப்பிட்டார்கள். அவள் ஒரே குத்தில் எடுத்தாள். பதினாறாம் மாதம் முடிவதற்கு இரண்டு நாள் இருக்கும்போது டீச்சர் கண்ணை மூடினாள்.

அதை யாரும் சொல்லச் சொல்லவில்லை. ஆனாலும் ஐஸக்கா ஒருநாள் வேலை முடிந்து நேரே தையல் கடைக்குப் போனாள். வாசலிலேயே நின்று, டீச்சர் போய்விட்டாள் என்று சொன்னாள்.

மெஷின் நின்றது.

"எப்போ?"

"போன வாரம்."

அந்த அம்மாள் விரல் விட்டு எண்ணினாள்.

"இவருக்கு மேல பதினொரு மாசம்."

"ஆமாங்க. அதே அளவு இவருக்கும் கிடைச்சிருக்கும்னு சொல்ல முடியாதுங்க."

"தெரியும். எழுதிக் குடுத்திருக்கீங்களே."

பள்ளிச் சட்டைக்கு அளவு கொடுக்க ஒரு தாயும் மகளும் வந்தார்கள். தையல்காரரின் மனைவி எழுந்து, கழுத்தில் தொங்கிய டேப்பை எடுத்து, அந்தப் பெண்ணின் தோளில் வைத்து அளந்தாள். அளந்ததை மறந்துவிட்டு மறுபடி அளந்தாள். மூன்றாவது தடவையும் அளவு மனதில் நிற்கவில்லை. ஐஸக்கா உள்ளே வந்து பென்சிலை எடுத்துக்கொண்டாள். அவள் சொல்லச் சொல்ல, தோள், மார்பு, கை நீளம் என்று ஒவ்வொன்றாக நோட்டில் எழுதினாள். எழுதியதைத் திரும்ப ஒருமுறை வாய்விட்டுப் படித்தாள். சரி என்று அந்த அம்மாள் தலையாட்டினாள். வாடிக்கையாளர் போனதும் ஐஸக்கா பென்சிலை மேஜைமேல் வைத்துவிட்டு, போய் வருகிறேன் என்று சொல்லாமல் வெளியே வந்து, பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.